இரண்டாவது வட்டம் யாருக்கு

வாக்காளர் எழுதிக்கொண்டிருக்கும்போது நம் கையில் பேனா இருக்கக் கூடாது. அமெரிக்காவில் மாவட்டம் போன்ற கவுண்டியின் தேர்தல் அலுவலகத்தில் என் மேலதிகாரி லொரெய்ன் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் விதி இது. எந்தக் கையேட்டிலும் இது இல்லை. ஆனாலும் மீறினவர்களை அடுத்த வாரம் கிடங்கில் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கத்தான் பார்க்க முடியும்.

பேனாவில் என்ன இருக்கிறது என்று நானும் ஒருநாள் கேட்டேன். பேனா வைத்திருக்கிற கை தானாகவே சுட்டிக்காட்டும், சுட்டிக்காட்டுகிற இடத்தில் ஒரு பெயர் இருக்கும் என்றார். அதற்குமேல் பேசவில்லை. அவர் எதற்குமே இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேசுகிறவர் அல்ல.

இதெல்லாம் இப்போது எதற்கு என்றால், பக்கத்து ஊர் ஒன்று விருப்ப வரிசை வாக்குமுறைக்கு மாறப் போகிறது. அந்த ஊர்க்காரர்களுக்கு விளக்கம் சொல்லப் போகிற குழுவில் என் பழைய அலுவலகத்துப் பெண் ஒருத்தி இருக்கிறாள். போன வாரம் கூப்பிட்டாள். "ஆன்ட்டி, நம்ம சிட்டியில இது புதுசா வந்தப்ப நீங்கதானே தமிழ் க்ரூப்ஸ் எல்லாம் ஹேண்டில் பண்ணீங்க? எது வொர்க் ஆச்சு, எது ஆகலை?" என்றாள். நான் சொல்லத் தொடங்கினேன். பாதியிலேயே, "லன்ச் பிரேக் முடிஞ்சிடுச்சு ஆன்ட்டி, எழுதி அனுப்பறீங்களா?" என்று கேட்டாள். எழுதச் சொன்னால் நான் சுருக்கமாக எழுதுகிற ஆள் இல்லை என்பது பாவம் அவளுக்குத் தெரியாது.

நான் ஜமீலா, நாகூர்க்காரி. கல்யாணமாகி பே ஏரியாவுக்கு வந்தேன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும், வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் தேர்தல் அலுவலகத்தில் தற்காலிக வேலைக்குச் சேர்ந்தேன். முதலில் உறைகளைப் பிரித்தேன், பிறகு கையெழுத்து சரிபார்த்தேன், பிறகு கவுன்டரில் உட்கார்ந்தேன். தற்காலிகம் நிரந்தரமானது. கடைசியில் வாக்காளர்களுக்கு விளக்கம் சொல்லும் பிரிவில் போட்டார்கள். அங்கேதான் லொரெய்ன் இருந்தார். உயரமான கறுப்பினப் பெண்மணி. முன்பு பள்ளிக்கூடத்தில் பரீட்சைக் கண்காணிப்பாளராக இருந்தவர் என்று அலுவலகத்தில் சொல்வார்கள். நடை அப்படித்தான் இருக்கும். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, யாருடைய தாளையும் பார்க்காமல், எல்லோரையும் பார்த்துக்கொண்டு நடப்பார்.

புதிய முறை வந்த வருடத்தில் எங்களுக்குத் தலைக்கு மேல் வேலை. முறை ஒன்றும் பெரிய கம்பசூத்திரம் இல்லை. வாக்குச் சீட்டு தேர்தலுக்கு முன்பே தபாலில் வீட்டுக்கு வந்துவிடும். அதில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே வரிசையாக வட்டங்கள் இருக்கும். முதல் விருப்பம் யாரோ அவருக்கு எதிரே முதல் வட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும். இரண்டாவது விருப்பத்துக்கு இரண்டாவது வட்டம், மூன்றாவதுக்கு மூன்றாவது. முதலில் எல்லோருடைய முதல் விருப்பத்தையும் எண்ணுவார்கள். யாருக்கும் பாதிக்கு மேல் வரவில்லை என்றால், கடைசியில் இருப்பவர் வெளியேறுவார். அவருக்குப் போட்டவர்களின் சீட்டை மட்டும் எடுத்து, அதில் இரண்டாவதாக யார் இருக்கிறாரோ அவர் கணக்கில் சேர்ப்பார்கள். ஒருவர் பாதியைத் தாண்டும்வரை இப்படியே போகும். அவ்வளவுதான்.

இந்த அவ்வளவுதானுக்குள் மனிதர்கள் என்னென்ன செய்வார்கள் என்பதுதான் எங்கள் பிழைப்பு. தனக்குப் பிடித்த ஒருவருக்கே எல்லா வட்டத்தையும் கறுப்பாக்கிவிட்டு, அவருக்கு மூன்று ஓட்டு விழும் என்று நம்புகிறவர்கள் இருந்தார்கள். விழாது, ஒன்றுதான். இரண்டாவதாக இன்னொருவருக்குப் போட்டால் முதல் ஆளுக்குத் துரோகம் என்று நினைத்து அந்த வட்டத்தைத் தொடவே தயங்கினவர்கள் இருந்தார்கள். இவர்களையெல்லாம் சமாளித்துவிடலாம். நம் தமிழ் இன்ஜினியர்களைச் சமாளிப்பதுதான் கஷ்டம். அவர்களுக்கு முறை முதல் நிமிடத்திலேயே புரிந்துவிடும். அடுத்த நிமிடத்தில் அதில் ஓட்டை தேடத் தொடங்குவார்கள்.

ஒரு கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "மேடம், என் கேண்டிடேட் ஜெயிக்கணும்னா நான் செகண்ட் சாய்ஸ் யாருக்குப் போடணும்? ஆப்டிமல் ஸ்ட்ராட்டஜி என்ன?" என்று கேட்டார். லொரெய்ன் யார் என்ன கேட்டாலும் முதலில், கேட்டதற்கு நன்றி என்பார். அன்றும் சொன்னார். பிறகு, இரண்டாவதாக உங்களுக்கு யாரைப் பிடிக்கிறதோ அவருக்கு என்றார்.

"யாரையுமே பிடிக்கலைன்னா?"

"அப்படியானால் அந்த வட்டம் வெறுமையாக இருக்கலாம்."

அந்த மனிதர் மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு கூட்டம் முடியும்வரை ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தார். லொரெய்ன் 'வேண்டும்' என்ற சொல்லை வாக்காளர் முன்னால் சொல்லமாட்டார். போட வேண்டும், நிரப்ப வேண்டும் என்று எங்களையும் சொல்லவிடமாட்டார். போடலாம், நிரப்பலாம். நான் தமிழில் சொல்லும்போது 'லாம்' வருகிறதா என்று, தமிழ் தெரியாமலே, என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார். எப்படி என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

தமிழுக்கு எங்கள் அலுவலகத்தில் அச்சடித்த தாள் கிடையாது. வாயால் சொல்வதுதான். அதனால் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளுக்கும் சங்கக் கூட்டங்களுக்கும் நானும் லொரெய்னும் போவோம். ஒரு பள்ளியின் பெற்றோர் குழுச் செயலாளர் சண்முகசுந்தரம் எங்களை அழைத்தார். பொள்ளாச்சிக்காரர். சிப் கம்பெனியில் மேனேஜர். எந்தக் கூட்டத்திலும் மைக் பிடிப்பதும் அவர்தான், கடைசியில் நாற்காலி மடக்கி வைப்பதும் அவர்தான். மனிதர்கள்மேல் பிரியமான ஆள். "அக்கா, நீங்க வந்து சொல்லுங்க. நம்மாளுங்க சிட்டிசன்ஷிப் வாங்கறதோட சரி, ஓட்டுப் போடறதேயில்லீங்க" என்று போனில் வருத்தப்பட்டார். அந்தத் தேர்தலில் மேயர் பதவிக்குத் தமிழர் ஒருவரும் நின்றார். சுந்தரம் அவருக்காக ஓடியாடி உழைத்துக்கொண்டிருந்தார். அதைப் பற்றிக் கூட்டத்தில் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். பேசவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர்.

மாதிரித் தேர்தலை எங்கள் அலுவலகம் ஐஸ்கிரீம் வைத்து நடத்துவது வழக்கம். தமிழ்க் கூட்டத்துக்கு நான் அதை டிபனாக மாற்றியிருந்தேன். தோசை, இட்லி, பொங்கல், உப்புமா. லொரெய்னிடம் அனுமதி வாங்கப் போனபோது, இதில் எதுவாவது ஒரு சாதிக்கோ மதத்துக்கோ கட்சிக்கோ உரியதா என்று கேட்டார். உப்புமாவை எந்தக் கட்சியும் சொந்தம் கொண்டாடாது என்றேன். சிரிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமை காலை. பிள்ளைகள் வகுப்பில் இருந்தார்கள், பெற்றோர்கள் பள்ளி கேன்டீனில் கூடியிருந்தார்கள். ஓட்டே இல்லாத எச்1பி விசா ஆட்களும் காபிக்காக வந்திருந்தார்கள். ஒவ்வொருவரும் தாளில் மூன்று விருப்பங்களைக் குறித்துவிட்டு, முதல் விருப்பத்தின் பெயர் ஒட்டிய மேசைக்கு அருகே போய் நிற்க வேண்டும். குறைந்த கூட்டம் எந்த மேசையோ அது கலையும். கலைந்தவர்களின் தாளை நான் வாங்கி, இரண்டாவது விருப்பத்தை உரக்கப் படிப்பேன். அவர்கள் அந்த மேசைக்கு நடந்து போவார்கள். எண்ணிக்கை என்பதைக் காலால் நடந்து காட்டுகிற முறை இது. வாயால் ஒரு மணி நேரம் சொன்னாலும் வராதது இதில் வந்துவிடும்.

எதிர்பார்த்தபடி உப்புமா முதலில் கலைந்தது. "எங்க ஊட்டுல பண்றதைச் சாப்பிட்டுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்கப்பா" என்று ஒருவர் புலம்பிக்கொண்டே இட்லிக்குப் போனார். சிரிப்பு. அடுத்து பொங்கல் கலைந்தது. கடைசியில் தோசை ஜெயித்தது. தோசை மேசையில் முதலிலிருந்தே நின்ற கூட்டத்தில் சுந்தரமும் அவர் மனைவி மல்லிகாவும் இருந்தார்கள்.

மல்லிகா குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் டேகேர் ஒன்றில் வேலை பார்க்கிறவர். கார் ஓட்டப் பயம், பஸ்ஸில்தான் போய்வருவார். அந்த வருடம்தான் குடியுரிமை வாங்கியிருந்தார். எந்தக் கூட்டத்திலும் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. அன்று கையை உயர்த்தினார்.

"அக்கா, நான் நின்ன எடத்துலயேதான் நின்னேன். உப்புமாக்காரங்க பேப்பரைப் படிச்சீங்க, பொங்கல்காரங்களதைப் படிச்சீங்க. எம்பேப்பர்ல ரெண்டாவதா எழுதினதை யாருமே படிக்கலீங்களே?"

"உங்க முதல் விருப்பம் கடைசி வரைக்கும் இருந்துச்சும்மா. அது வெளியேறினாத்தான் ரெண்டாவதைப் பாப்பாங்க."

"வெளியேறலைன்னா?"

"பாக்க மாட்டாங்க."

மல்லிகா திரும்பிக் கணவரைப் பார்த்தார். சுந்தரம் உற்சாகமாக மைக்கை வாங்கினார். "இதுல என்னங்க சந்தேகம். எங்க ஊட்டுல ஆல்ரெடி முடிச்சாச்சு. பேப்பர்வொர்க் பூராவும் நான்தானுங்களே. டாக்ஸ், இன்ஷூரன்ஸ், பாஸ்போர்ட் ரின்யூவல், எல்லாம். ரெண்டு பேலட்லயும் மொத வட்டத்தை நான் போட்டுட்டு, அவளதுல ரெண்டாவது வட்டத்தை அவளுக்கே விட்டுட்டேன். நீ யாருக்கு வேணா போட்டுக்க சாமின்னு. ஃபேர்தானுங்களே?"

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு முதலில் உறைத்தது. சிரிக்காததற்குக் காரணம் வெட்கம் இல்லை. அங்கே இருந்த பாதிப் பேர் வீட்டில் அதே ஏற்பாடுதான். ஒருவர், "நாங்களும் டாக்ஸ் மாதிரி ஜாயின்ட்டாத்தான் ஃபைல் பண்றோம்" என்றார். சொன்னவர் படித்த மனிதர், நல்ல வேலையில் இருப்பவர், மனைவியும் நல்ல வேலையில் இருப்பவர். புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து வரிக்கணக்குத் தாக்கல் செய்கிற பழக்கத்தில் ஓட்டையும் சேர்த்துத் தாக்கல் செய்துகொண்டிருந்தார்கள். புது முறை வந்ததும் ஆளுக்கொரு வட்டம் என்று பாகம் பிரித்துக்கொண்டார்கள். வேறு எந்தச் சமூகத்திலும் நான் இதைப் பார்த்ததில்லை.

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. அதை மறைக்க என்ன இருக்கிறது. வாயைத் திறப்பதற்குள் லொரெய்ன் என் பக்கத்தில் வந்து நின்று, அவர் என்ன சொன்னார் என்று கேட்டார். மொழிபெயர்த்தேன். லொரெய்ன் ஒரு கணம் யோசித்துவிட்டு, இதைச் சொல் என்றார். நான் சொன்னேன்:

"கேட்டதுக்கு நன்றி. ஒரு சீட்டு ஒரு வாக்காளருடையது. அதில் இருக்கிற எல்லா வட்டமும் அந்த ஒருவருடையது."

அவ்வளவுதான். சட்டம், தண்டனை எதுவும் சொல்லவில்லை. சுந்தரம், "கரெக்டுங்க, கரெக்டுங்க" என்று தலையாட்டிவிட்டு காபி ஆறிவிடப் போகிறது என்று எல்லோரையும் அழைத்தார். மல்லிகா காபி குடிக்கவில்லை. தோசை மேசையின் அருகிலேயே கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அடுத்த வாரம் நான் கவுன்டரில் இருந்தேன். லொரெய்ன் எனக்குப் பின்னால் இருந்த மேசையில். மல்லிகா உள்ளே வந்தார். இரண்டு பஸ் மாறி வந்திருப்பார், நேரடிப் பஸ் கிடையாது. என்னைப் பார்த்ததும் முகம் கொஞ்சம் தெளிந்தது. கவுன்டருக்கு வந்து, கைப்பையிலிருந்து காய்கறி போடும் ஜிப் பிளாஸ்டிக் பை ஒன்றை எடுத்து வைத்தார். உள்ளே வாக்குச் சீட்டு. பாதிக்கு மேல் பழுப்பாக நனைந்து ஊறிப் போயிருந்தது. பில்டர் காபி வாசனை கவுன்டர் வரை வந்தது.

"காபி கொட்டிருச்சுங்கக்கா" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நெசமாலுமே கொட்டிருச்சு. பொய் சொல்லக் கூடாதுன்னு நானே கொட்டீட்டேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "எதுக்கும்மா இப்படி?"

"அவரு போட்டாருன்னு சொன்னா அவருக்கு ஏதாச்சும் கேஸ் ஆயிருமுங்களா? அவரு கெட்ட எண்ணத்துல பண்ணலீங்க. எல்லாமே அவருதான் பண்ணுவாரு, அந்தப் பழக்கத்துல பண்ணீட்டாரு. அவரு ஆளு கடைசி வரைக்கும் நிப்பாருன்னு எல்லாருமே சொல்றாங்க. அப்ப ரெண்டாவதா நான் போடறதை ஒருத்தருமே படிக்க மாட்டாங்கல்ல? மொதமொதல்ல ஓட்டுப் போடறேன். எனக்கு அந்த பஸ்ஸுக்காகப் பேசற அம்மாவுக்குத்தான்..."

கையை உயர்த்தி நிறுத்தினேன். "யாருக்குன்னு எங்கிட்டச் சொல்ல வேண்டாம்மா."

சொல்லக் கூடாததில் பாதி ஏற்கெனவே காதில் விழுந்துவிட்டது, என்ன செய்ய. வேலைக்குப் போகும் பஸ்ஸை நிறுத்தப் போகிறார்கள் என்று அந்த ஊரில் பேச்சு இருந்தது. அதை எதிர்த்துப் பேசிய வேட்பாளர் ஒருவர் இருந்தார். மல்லிகாவின் வேலையே அந்தப் பஸ்ஸில்தான் இருந்தது.

லொரெய்ன் எழுந்து வந்தார். கைகள் முதுகுக்குப் பின்னால். பிளாஸ்டிக் பையைப் பார்த்தார், அதற்குள்ளே இருந்ததைப் பார்க்கவில்லை. மல்லிகா அவரைப் பார்த்ததும் நிமிர்ந்து நின்றார். மனப்பாடம் செய்துகொண்டு வந்ததை ஆங்கிலத்தில் சொல்லத் தயாரானார். காபி, டேபிள், பை மிஸ்டேக் என்பதெல்லாம் உதட்டில் வந்து நின்றது தெரிந்தது.

லொரெய்ன் என்னிடம், கேள் என்றார். "உங்களுக்கு வேறு சீட்டு தேவையா?"

நான் கேட்டேன்.

"ஆமாங்க."

"சரி" என்றார் லொரெய்ன்.

காரணம் கேட்கவில்லை. எங்கள் விதியில் காரணம் கேட்க இடமே இல்லை. வாக்காளர் தன் சீட்டு கெட்டுவிட்டது என்றால் கெட்டுவிட்டது. எப்படிக் கெட்டது, யாரால் கெட்டது என்பது அவர் விஷயம். நான் அந்த விதியை அத்தனை வருடமாக ஏதோ வேலையைச் சுருக்க வைத்த விதி என்றுதான் நினைத்திருந்தேன். அது யாரை எதிலிருந்து காப்பாற்ற வைத்தது என்று அன்றைக்குத்தான் விளங்கியது. மல்லிகா கொஞ்சம் ஏமாந்தது போலக்கூட இருந்தார். அருமையான காபி வீணாகிவிட்டது.

பழைய சீட்டைக் கணினியில் ரத்து செய்தேன். புதியதை எடுத்தேன். கொடுப்பதற்கு முன்னால் லொரெய்ன் கையை உயர்த்தினார். திரையில் ஒரு வரியைக் காட்டி, இதையும் கேள் என்றார். வாக்குச் சீட்டு எங்கே இருக்கிறது என்று செல்போனுக்குச் செய்தி அனுப்பும் ஏற்பாடு எங்களிடம் உண்டு. சீட்டு அனுப்பினால், வந்து சேர்ந்தால், எண்ணினால் செய்தி போகும். புதுச் சீட்டு கொடுத்தாலும் போகும்.

"மல்லிகா, உங்க சீட்டைப் பத்தின மெசேஜ் இந்த நம்பருக்குத்தான் போகும். இது உங்க நம்பரா?"

குனிந்து பார்த்தார். "அவரோடதுங்க. ரெண்டு பேருக்கும் அவருதான் ரெஜிஸ்டர் பண்ணுனாரு."

"மாத்தணும்னா இப்பவே மாத்தலாம். மாத்திட்டா அவருக்குப் போகாது."

மல்லிகா கவுன்டரில் இருந்த கண்ணாடித் தடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள். நான் ஏதாவது சொல்லலாமா என்று லொரெய்னைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. சும்மா இருக்கத் தெரிவதும் எங்கள் வேலைதான். அதுவும் எந்தக் கையேட்டிலும் இல்லை. நம்பரை மாற்றிவிடு என்று சொல்ல நாக்கு துடித்தது. மாற்றினால் வீட்டில் ஒரு பிரச்சினையும் வராது. சுந்தரம் தன் ஆளுக்கு இரண்டு ஓட்டு விழுந்ததாக நினைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பார்.

"இருக்கட்டுங்க" என்றார் மல்லிகா. "ஒளிச்சுவெச்சுப் பண்றதுக்கு இது என்ன திருட்டா? அவருக்கே போகட்டும்."

புதுச் சீட்டை வாங்கிக்கொண்டு மறைவு போட்ட மேசைக்குப் போனார். லொரெய்ன் தன் சட்டைப்பையிலிருந்து ஒரு கறுப்புப் பேனாவை எடுத்து, மேசையில் வைத்துவிட்டு, இரண்டடி பின்னால் நகர்ந்து, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். மல்லிகா வெகுநேரம் எழுதினார். மூன்று வட்டம் நிரப்ப அவ்வளவு நேரம் ஆகாது. பரீட்சைப் பேப்பரைத் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பது போலச் சரிபார்த்தார். உறையை ஒட்டிக் கையெழுத்துப் போட்டுப் பெட்டியில் போட்டுவிட்டு, எங்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு பஸ்ஸுக்குப் போனார். பேனாவை மறந்து கைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். லொரெய்ன் அதைக் கவனித்தார். கூப்பிடவில்லை.

மத்தியானமே சுந்தரம் கூப்பிட்டார்.

"என்னக்கா இது? மல்லிகாவுக்குப் புது பேலட் குடுத்ததா மெசேஜ் வருது?"

"உங்க சீட்டைப் பத்திக் கேளுங்க தம்பி, சொல்றேன். அவங்க சீட்டைப் பத்தி அவங்களைத்தான் கேக்கணும்."

"அவகிட்டக் கேட்டேன். காபி கொட்டிருச்சுங்கறா."

"சரி."

"யாருக்குப் போட்டேன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறா."

"அதை நாங்களும் கேக்கக் கூடாது தம்பி."

"இத்தனை வருஷத்துல அவ எங்கிட்டச் சொல்லாம ஒண்ணு பண்ணதே இல்லீங்கக்கா. உங்களை நம்பித்தானுங்களே கூப்பிட்டேன். குடும்பத்துக்குள்ள பூந்து கொழப்பி வுட்டுட்டீங்களே" என்றார். கோபமாகத் தொடங்கினவர் முடிக்கும்போது குரல் இறங்கிவிட்டது. எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. முந்தின சனிக்கிழமை வந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவர் மனைவியை அடக்கி வைக்க நினைத்த ஆள் இல்லை. எல்லாப் பாரத்தையும் தானே தூக்குவதாக நினைத்துக்கொண்டு, மனைவியுடையதையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய்விட்டவர்.

"நாங்க ஒண்ணும் பண்ணலை தம்பி. முறை எப்படின்னு சொன்னோம், அவ்வளவுதான்" என்றேன். அவர் போனை வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அந்தப் பள்ளியில் நடக்கவிருந்த இன்னொரு கூட்டம் ரத்தாயிற்று. ஜமீலாக்கா வந்தால் வீட்டில் சண்டை வருகிறது என்று ஒரு பேச்சு கிளம்பியது. இருபது வருடமாக எனக்குப் பழக்கமான குடும்பத்தினர், கடையில் பார்த்தால் தயிர் இருக்கும் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். உள்ளுக்குள் வலிக்கத்தான் செய்தது. லொரெய்னிடம் போய்ச் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: நாம் விளக்கியது தவறு என்று யாராவது சொன்னார்களா?

"இல்லை."

"அப்படியானால் அடுத்த ஹாலுக்குப் போவோம்" என்றார். போனோம். ஒரு மசூதியில், ஒரு முதியோர் குடியிருப்பில், இரண்டு நூலகங்களில் உப்புமாவைத் தோற்கடித்தோம். ஆனால் ஒன்றை மாற்றினோம். நடந்துகாட்டுவது முடிந்ததும், நகராமல் நின்றவர்களைப் பார்த்து, "உங்க இரண்டாவது விருப்பத்தை யாரும் படிக்கலை, கவனிச்சீங்களா?" என்று நாங்களே கேட்கத் தொடங்கினோம். எந்த ஹாலிலும் அந்தக் கேள்விக்குப் பிறகு யாராவது ஒருவர் தன் தாளை மறுபடி எடுத்துப் பார்ப்பார். புது ஊருக்குப் போகிற பெண்ணே, வேறெதை விட்டாலும் இதை விட்டுவிடாதே.

எண்ணிக்கை பல சுற்று போயிற்று. பஸ்ஸுக்காகப் பேசிய அம்மா கடைசிக்கு முந்தின சுற்றில் வெளியேறினார். தமிழர் முதல் சுற்றில் முன்னணியில் இருந்தார், நடுவில் பின்தங்கினார், கடைசிச் சுற்றில் தாண்டிவிட்டார்.

முடிவு வந்த வார இறுதியில் இந்தியக் கடையில் நான் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். சுந்தரம் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார், பின்னால் மல்லிகா. தயிர்ப் பக்கம் திரும்பப் போகிறார்கள் என்று நினைத்தேன். சுந்தரம் நேராக என்னிடம் வந்தார். ஜெயித்த சந்தோஷம் முகத்தில் நிறைந்திருந்தது. பழைய கோபத்தை அது கரைத்திருக்க வேண்டும்.

"பாத்தீங்களாக்கா? நம்மாளு வந்துட்டாரு. நடுவுல பயந்தே போயிட்டேனுங்க. கடைசி ரவுண்டுல எங்கிருந்தோ செகண்ட் சாய்ஸா வந்து கொட்டுச்சு."

மல்லிகா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கத்தரிக்காயில் பூச்சி பார்த்துக்கொண்டிருந்தார். தலையைத் திருப்பாமல், "அக்கா, என்னோடதை எண்ணுனாங்களா?" என்று கேட்டார்.

"எண்ணினாங்கம்மா. முதல் வட்டம் போட்ட எல்லாச் சீட்டையும் முதல் சுற்றிலேயே எண்ணுவாங்க."

"அவங்க வெளிய போனதுக்கப்புறம்?"

"அடுத்த வட்டத்தைப் படிப்பாங்க."

"படிச்சிருப்பாங்கல்ல?"

"படிச்சிருப்பாங்க."

மல்லிகா ஒரு கத்தரிக்காயைப் பையில் போட்டார். "பின்ன என்னங்க" என்று கணவரிடம் சொன்னார். "ரெண்டாவதை உங்களுக்குத்தானே விட்டு வெச்சிருந்தேன்."

சுந்தரம் வண்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார். வாக்காளர் யாருக்குப் போட்டார் என்பது என் காதில் விழக் கூடாது. நான் குனிந்து, வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.